மாசமாக இருப்பவரோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பது எப்படி

'வாட் டு எக்ஸ்பெக்ட் வென் யூ ஆர் எக்ஸ்பெக்டிங்', 2012இல் வந்த படம். கேமரன் டயஸ், ஜெனிஃபர் லோபஸ், எலிசபெத் பேங்க்ஸ், ஆனா கென்ட்ரிக் என்று பெரிய கூட்டமே இருக்கிறது. அட்லாண்டாவில் ஐந்து ஜோடிகள், எல்லோர் வீட்டுக்கும் குழந்தை வரப்போகிறது. பெங்களூரில் நம் ஆட்கள் பலர் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேராக பிளாட்டில் இருக்கிறார்கள், பெரியவர்கள் சேலத்திலோ வேலூரிலோ, அதனால் பயம் எதையும் வாய்விட்டுப் பேச ஆள் இல்லை. பேச்சைத் தொடங்கிவைக்க இந்தப் படம் நல்ல துணை. ஆனால் பார்க்கிற விதத்தில் பார்க்க வேண்டும்.

முதல் மூன்று மாதத்தில் வேண்டவே வேண்டாம். கென்ட்ரிக் நடித்த ரோஸிக்குக் கரு கலைந்துவிடுகிறது, காமெடி படம்தானே என்று சிரித்துக்கொண்டிருக்கும்போது அது வந்து நிற்கும். ஐந்து மாதம் தாண்டட்டும். முன்பு அப்படி இழந்தவராக இருந்தால் கணவர் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு காட்சி வருகிறது, பார்க்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். பார்க்கலாம் என்றால் அந்த இடத்தில் ஓட்டிவிடாதீர்கள், அழுகை வந்தால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். நம் வீடுகளில் அந்த இழப்பை 'விடு, அடுத்தது வரும்' என்று ஒரே வரியில் மூடிவிடுகிறோம், அது பெரிய கொடுமை. சட்டப்படி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அப்போது சம்பளத்தோடு 6 வாரம் விடுப்பு உண்டு என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

படம் 110 நிமிடம். ஒரே மூச்சில் வேண்டாம், சனி பாதி ஞாயிறு பாதி. அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் மாட்டி வந்த இரவில் வைக்காதீர்கள். காலுக்கு ஒரு தலையணை, நடுவில் எழுந்து நடக்க இடைவெளி, அப்புறம் கொஞ்சம் சுண்டல், போதும்.

ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்திருந்தால் எலிசபெத் பேங்க்ஸ் நடித்த வென்டியின் கதைக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள். குழந்தைப் பொருள் கடை நடத்துகிற அவளுக்கு எல்லா உபத்திரவமும் வருகிறது, அவள் மாமனாரின் இளம் மனைவிக்கு இரட்டைக் குழந்தை, ஒரு தொந்தரவும் கிடையாது. 'நான் ஒன்பது மாசமும் எல்லா வேலையும் செஞ்சேன்' என்கிற பெரியவர்களுக்கு, உடம்புக்கு உடம்பு வித்தியாசம் என்று இதைவிட நன்றாக எடுத்துச் சொல்ல முடியாது. ஆங்கிலம் புரியாவிட்டால் நிறுத்தி நிறுத்திக் கதை சொல்லுங்கள். சில ஜோக்குகள் பச்சையாக இருக்கும், முன்பே சொல்லிவிடுங்கள். வென்டி சுகப்பிரசவத்துக்கு ஆசைப்பட்டு சிசேரியனில் முடிகிறது. அங்கே நிறுத்தி, எந்த நிலையில் ஆபரேஷன் செய்வீர்கள் என்று அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள்.

லோபஸின் கதை தத்தெடுப்பு. அந்த வழியை யோசிக்கிறவர்கள், ஆதரவற்ற குழந்தையைத் தத்தெடுக்க நம் நாட்டில் மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காரா (CARA) மூலமாகப் பதிய வேண்டும்.

கடைசியாக, அப்பாக்கள். நடிகர் கிறிஸ் ராக்கும் படத்தில் அவர் நண்பர்களாக வருபவர்களும் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு பூங்காவில் நடக்கிற காட்சிகள் கணவருக்கானவை. ஞாயிறு காலை கப்பன் பார்க்கிலோ லால்பாக்கிலோ, புதிதாக அப்பாவான ஆபீஸ் நண்பரோடு ஒரு நடை போகச் சொல்லுங்கள், பெண்களிடம் சொல்லாத பயம் அங்கே வெளியே வரும். வேலைக்குப் போகிற தாய்க்கு முதல் இரண்டு குழந்தைகள் வரை 26 வாரம் விடுப்பைச் சட்டம் தருகிறது. தனியார் கம்பெனியில் அப்பாவுக்கு அப்படிச் சட்டம் இல்லை, கம்பெனி கொடுப்பதுதான். அதனால் எத்தனை நாள் என்று எச்ஆரிடம் இப்போதே மெயிலில் கேட்டு வாங்கி வைக்கட்டும்.