நேரடிப் படத்தில் சிக்கிய புறக்கோளின் சுற்றுப்பாதையைக் கணிப்பது எப்படி?

சூரியனல்லாத வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்தான் புறக்கோள். அப்படியொரு கோளைப் படமெடுத்துவிட்டார்கள். அது எந்தப் பாதையில் சுற்றுகிறது? பீட்டா பிக்டோரிஸ் என்ற விண்மீனைச் சுற்றும் பீட்டா பிக்டோரிஸ் பி என்ற கோளை வைத்துப் பார்ப்போம். முதல் நான்கு படிகளுக்குக் கால்குலேட்டரும் கட்டம்போட்ட தாளும் போதும்.

1. அளவுகளை எழுதுங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் தேதி, விண்மீனிலிருந்து விலகல், திசைக்கோணம் ஆகிய மூன்றும் வேண்டும். விலகலை விகலையில் அளப்பார்கள். ஒரு பாகையில் 3600 விகலை. திசைக்கோணம் வடக்கில் தொடங்கிக் கிழக்கு நோக்கி ஏறும். சிலியின் பரனால் மலையில் எடுத்த படங்களில், 2003 நவம்பரில் சுமார் 0.41 விகலை, 32 பாகை. 2009 இறுதியில் சுமார் 0.30 விகலை, 211 பாகை.

2. தாளில் புள்ளி வையுங்கள்

விலகலைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் கிழக்குத் தூரம், கொசைனால் பெருக்கினால் வடக்குத் தூரம். முதல் புள்ளி: கிழக்கே 0.22, வடக்கே 0.35. இரண்டாவது: மேற்கே 0.15, தெற்கே 0.26. கிழக்கை இடப்பக்கம் வையுங்கள், வான்படங்களில் அதுதான் வழக்கம்.

இப்போது தாளைப் பாருங்கள். இரண்டு புள்ளிகளும் விண்மீனும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கின்றன! பாதையை நாம் விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறோம் போலிருக்கிறது. 2009 தொடக்கத்தில் எடுத்த படங்களில் கோள் தென்படவே இல்லை. விண்மீனை நெருங்கி அதன் ஒளியில் மறைந்திருந்தது. தெரியவில்லை என்பதும் ஒரு தகவல்தான், அதையும் குறித்துவையுங்கள்.

3. தூரமாக்குங்கள்

விகலையை, விண்மீன் நம்மிடமிருந்து இருக்கும் தூரத்தால் (பார்செக்கில்; ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) பெருக்கினால், விலகல் வானியல் அலகில் கிடைக்கும். ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம். இந்த விண்மீனின் தூரம் சுமார் 19.5 பார்செக். 0.41 × 19.5 என்றால் சுமார் 8. இது வானில் நமக்குத் தெரியும் விலகல். உண்மைத் தூரம் இதைவிடக் குறையாது.

4. கெப்ளரைக் கூப்பிடுங்கள்

சரி, அரை நெட்டச்சு (நீள்வட்டப் பாதையின் நீளமான அச்சில் பாதி) 10 வானியல் அலகு என்று வைத்துக்கொள்வோம். கெப்ளர் விதிப்படி, அதன் கனத்தை விண்மீனின் நிறையால் வகுத்தால் சுற்றுக்காலத்தின் வர்க்கம் கிடைக்கும். விண்மீனின் நிறை சூரியனைப்போல் சுமார் 1.75 மடங்கு. 10-இன் கனமான 1000-ஐ 1.75-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 ஆண்டு. பின்னாளில் வந்த துல்லியமான கணிப்புகளும் இதை ஒட்டியே இருக்கின்றன.

5. மென்பொருளிடம் கொடுங்கள்

அப்புறம் ஆர்பிடைஸ் என்ற இலவச பைத்தான் தொகுப்பை நிறுவி, பிழை அளவுகளோடு தரவைக் கொடுங்கள். அது ஒரே பாதையைத் தராது. தரவுக்குப் பொருந்தும் ஆயிரக்கணக்கான பாதைகளைத் தரும். அத்தனையையும் வரையுங்கள். அழகாகப் பொருந்துகிறதே என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது தவறு.

கோள் நம் பக்கம் வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைப் படங்கள் மட்டும் சொல்லாது. அதற்கு நிறமாலை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளி, வேண்டும். 2014-இல் வெளியான அளவீடு, கோள் விண்மீனைவிட விநாடிக்குச் சுமார் 15 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருவதைக் காட்டியது. அதனால்தான் 2017-இல் அது விண்மீனுக்குப் பின்னால் அல்ல, நம் பக்கமாகவே கடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.