இலங்கைப் போரைப் பற்றி எழுதும்போது சொற்களில் செய்யக் கூடாத தவறுகள்

2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகலில் பல குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளையும் கணவன்மாரையும் இராணுவத்திடம் கையளித்தன. அவர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போனவர்களைக் குறிக்க அரசு வைத்துக்கொண்ட சொல் 'காணாமற்போனோர்'. 2016இல் சட்டம் இயற்றி அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரிலும் 'காணாமற்போன ஆட்கள்' என்றுதான் இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் கைதவறிய குழந்தையைச் சொல்வது போல. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்வதில் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். அவர்களுடைய சொல்லையே எழுதுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடுவதும் தவறு. 'ஆக்கப்பட்டோர்' என்பதிலும் ஆக்கியவர் யார் என்பது இல்லையே. எந்த இடத்தில், எந்த நாளில், யார் கையில் ஒப்படைத்தார்கள் என்று அடுத்த வரியில் வர வேண்டும்.

அரசு அறிக்கையில் வந்த சொல்லை அப்படியே செய்தியில் வைப்பது பழகிப்போன தவறு. கடைசிக்கட்டப் போர் 'மனிதாபிமான நடவடிக்கை' ஆனது. போரிலிருந்து தப்பி வந்த மக்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்கள் 'நலன்புரிக் கிராமங்கள்' ஆயின. அவற்றின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்களையும் சூட்டினார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி, காவலுக்கு இராணுவம், உள்ளே இருப்பவர் நினைத்தபடி வெளியே போக முடியாது. பல எழுத்தாளர்கள் அரசின் சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டு, எதிர்ப்பைக் காட்டிவிட்டதாக நினைக்கிறார்கள். அது போதாது. வேலியை எழுதுங்கள், காவலை எழுதுங்கள். அப்புறம் அது கிராமமா என்பதை வாசிப்பவரே முடிவு செய்துகொள்வார்.

எதிர்த்தரப்பின் சொல்லை மறுத்துவிட்டு நம் தரப்பின் சொல்லைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வதுதான் நம்மிடம் அதிகம் நடப்பது, பேசக் கூசுவதும் இதைத்தான். 1975 ஜூலை 27 அன்று யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் தமிழ் ஆயுதக் குழுவினரால் சுடப்பட்டார். 'துரோகி' என்ற ஒரு சொல் அந்தக் கொலைக்கு நியாயமாகப் போதுமானதாக இருந்தது. பின்னால் எத்தனையோ கொலைகளுக்கும் அதே சொல்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். இதை இன்றும் 'முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தார்கள்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. 'காணாமற்போனார்' என்ற சொல்லுக்குக் கோபப்படுகிறவர், இங்கேயும் அதே கோபத்தோடு 'துரத்தப்பட்டார்கள்' என்று எழுத வேண்டாமா? துரத்தியது யார் என்பதையும் சேர்த்து.

இனப்படுகொலை என்ற சொல்லில் இரண்டு பக்கமும் அழுத்தம் உண்டு. கொழும்பில் அதைச் சொல்லாதே என்பார்கள். புலம்பெயர்ந்தோர் மேடைகளில் சொல்லாமல் பேசினால் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். வடக்கு மாகாண சபை 2015 பெப்ரவரியில் இந்தச் சொல்லிலேயே தீர்மானம் போட்டது. ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் போர்க் குற்றங்கள், மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற சொற்களைப் பயன்படுத்தியது. அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் அரசுப் படை ஷெல் அடித்ததையும், தப்பியோடிய மக்களைப் புலிகள் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. உங்களுக்குச் சரி என்று படுகிற சொல்லை எழுதுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். அதை விசுவாசப் பரீட்சை ஆக்குவது தவறு. பெரிய சொல்லைப் போட்டுவிட்டால் ஆதாரம் தேவையில்லை என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு.

மிரட்டலுக்குப் பயந்து சொல்லை மென்மையாக்கியவர்களைக் கோழைகள் என்று தூரத்திலிருந்து திட்டாதீர்கள். 2006இல் எழுதிய கட்டுரைகளுக்காகப் பத்திரிகையாளர் திஸ்ஸநாயகத்துக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஓகஸ்டில் 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்தார்கள். பிறகு மன்னிப்புக் கிடைத்தது என்றாலும், அந்தத் தீர்ப்பைப் பார்த்த யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும்.

இன்னொன்று, பேட்டி கொடுத்தவரின் வாயில் நம் சொல்லைத் திணிப்பது. ஒரு தாய் 'என்ர பிள்ளை வீரச்சாவு' என்று சொன்னால் கொழும்புப் பத்திரிகைக்காக அதை 'உயிரிழந்தார்' என்று மாற்றாதீர்கள். அதே தாய், 'சின்னவனை இயக்கம் பிடிச்சுக்கொண்டு போச்சு' என்று புலிகளைப் பற்றிச் சொன்னால், இலண்டனிலோ சென்னையிலோ இருக்கும் வாசகருக்குப் பிடிக்காது என்று அதை வெட்டவும் செய்யாதீர்கள்.