பெயரை நம்பி வாங்காதீர்கள்: பழைய ஐரிஷ் தேசிய இதழ்களைச் சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஐரிஷ் இதழ்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் முதலில் ஏமாறுவது இதழின் பெயரில்தான். ஏலப் பட்டியலில் 'யுனைடெட் ஐரிஷ்மேன்' என்று கண்டதும், 1848இல் ஐரிஷ் தேசியவாதி ஜான் மிட்செல் டப்ளினில் நடத்தி, அவர் தண்டிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டதால் சில மாதங்களிலேயே நின்றுபோன வார இதழ் அது என்று பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் பிற்கால ஐரிஷ் தேசியத் தலைவர் ஆர்தர் கிரிஃபித் 1899 முதல் 1906 வரை நடத்திய வார இதழுக்கும் அதே பெயர்தான். டப்ளின் பகுதியில் இயங்கிய கூவலா அச்சகத்தின், பாடல்களும் படங்களும் கொண்ட 'எ பிராட்சைட்' தாள்களிலும் இதே குழப்பம் உண்டு: 1908 முதல் 1915 வரை மாதந்தோறும் 300 படிகளாக, ஓவியர் ஜாக் யேட்ஸின் கைவண்ணம் தீட்டிய படங்களுடன் வந்த 84 இதழ்கள் ஒரு வரிசை, 1935இலும் 1937இலும் அதே பெயரில் வந்தவை வேறு வரிசைகள். ஆண்டு, இதழ் எண், அச்சகத்தார் பெயர் ஆகிய மூன்றையும் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

அடுத்தது, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது வெளியான ஐரிஷ் குடியரசுப் பிரகடனம். பிற்காலத்தில் நினைவுப் பொருளாக எண்ணற்ற மறுபதிப்புகள் வந்துவிட்டதால், பழுப்பேறிய தாள் என்பது எதற்கும் சான்றாகாது. டப்ளினில் தொழிற்சங்கத் தலைமையகமான லிபர்ட்டி ஹாலில் அச்செழுத்துகள் போதாமல், மேல்பாதியை முதலில் அச்சடித்து, அதே எழுத்துகளைப் பிரித்துக் கீழ்பாதியைக் கோத்து, அதே தாள்களில் மறுபடி அச்சடித்தார்கள். ஆகவே இரு பாதிகளுக்கும் இடையிலான இடைவெளி படிக்குப் படி மாறும், பொருந்தாத வேற்று எழுத்துகளும் ஆங்காங்கே கலந்திருக்கும். அந்த அவசரத்தின் தடயம் எதுவும் இல்லாத, ஒழுங்கான படி என்றால் ஐயப்படுவதே முறை. ஏழு தலைவர்களின் பெயர்களும் அச்சிடப்பட்டவையே என்பதால், கையொப்பம் உள்ள 'மூலப் படி' என்று எவரேனும் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

போலி என்று தெரிந்ததுமே தூக்கி எறிவதும் தவறுதான். ஐரிஷ் விடுதலைப் போரின்போது குடியரசுத் தரப்பின் செய்தி ஏடாக 1919 முதல் வெளிவந்த 'ஐரிஷ் புல்லட்டின்' அலுவலகத்தை 1921 மார்ச் இறுதியில் பிரிட்டிஷ் தரப்பு கைப்பற்றி, அங்கிருந்த கருவிகளைக் கொண்டே போலி இதழ்களை வெளியிட்டது. அதனால் எழுத்தின் தோற்றத்தை மட்டும் வைத்து உண்மையையும் போலியையும் பிரிப்பது கடினம். செய்தியின் உள்ளடக்கத்தையும் தேதியையும் ஒப்பிட வேண்டும். ஆயினும் அந்தப் போலிகளே பரப்புரைப் போரின் முதல்தரச் சான்றுகள் என்பதால், உண்மை இதழ்களோடு சேர்த்தே அவற்றைக் காக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் உலகப் போர்க்காலத் தணிக்கையைத் தாண்ட, பிற ஏடுகளின் வெட்டுத் துண்டுகளையே தொகுத்து 1914 டிசம்பர் முதல் கிரிஃபித் வெளியிட்ட 'சிசர்ஸ் அண்ட் பேஸ்ட்' இதழைச் சொந்தச் சரக்கில்லாதது என்று ஒதுக்குவதும் இதே வகைப் பிழை.

கிழிசலில் செலோடேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். விளம்பரப் பக்கங்களை நீக்கி பைண்டு செய்தால் அந்த இதழை யார் படித்தார்கள் என்ற தடயமே போய்விடும்.

கடைசியாக, அயர்லாந்தில் மட்டும் தேடுவதும் குறைதான். 1912இல் பெண்கள் வாக்குரிமைக்காகத் தொடங்கிய 'ஐரிஷ் சிட்டிசன்' இதழின் தொடக்க ஆசிரியர்களுள் ஒருவரான ஜேம்ஸ் கசின்ஸ், 1915இல் அன்னி பெசன்டின் 'நியூ இந்தியா' நாளேட்டில் பணியாற்றச் சென்னை வந்தார்; பின்னர் அவருடைய நூல்களுள் சில இங்கேயே வெளிவந்தன. டப்ளின் பட்டியல்களில் தேடுவோர் சென்னைப் பழைய புத்தகக் கடைகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.