புதிய பிரிவுப் பாட்டைப் பற்றி எழுத உட்காரும் முன்

கொரிய இசைக்குழுக்களின் புதுப் பாடல்கள் பெரும்பாலும் அந்நாட்டு நேரப்படி மதியம் 1 மணிக்கோ மாலை 6 மணிக்கோ வெளியாகும். சிங்கப்பூரில் அது நண்பகல் 12 அல்லது மாலை 5. மாலை 5 மணிப் பாட்டை நம்மில் பலர் முதலில் கேட்பது வீடு திரும்பும் எம்ஆர்டி ரயிலில். காதல் முறிவைப் பாடும் பிரிவுப் பாட்டைக் கேட்க அதைவிட மோசமான இடம் இல்லை. சுரங்கத்துக்குள் ஓடும் வட்டப்பாதை ரயிலின் இரைச்சல் கீழ்ஸ்தாயி ஒலிகளை மூடிவிடும். பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் கனத்த அடியும் மறைந்து, குரல் மட்டும் மிஞ்சும். அந்த நிலையில் “இசை வெறுமையாக இருக்கிறது” என்று எழுதினால், குறை சொல்வது ரயிலைத்தான், பாட்டை அல்ல. வீடு சேரும்வரை பொறுத்திருங்கள்.

வீட்டிலும் முதலில் காணொளியைத் திறக்க வேண்டாம். அழுகிற முகத்தைப் பார்த்தபடி கேட்டால் எந்த மெட்டும் சோகமாகத்தான் தெரியும். தவிர, காணொளிகளில் நடுவே வசனமும் மௌனமும் சேர்த்திருப்பார்கள். நீங்கள் குறிக்கும் நொடிக்கணக்கு ஒலிப்பதிவோடு பொருந்தாது.

கீழ், மேல் ஸ்தாயி ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள். குழுவின் பழைய பாட்டோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், செயலியின் அமைப்புகளில் எல்லாப் பாடல்களையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவரும் வசதியை இயக்குங்கள். சற்றே சத்தமாக ஒலிக்கும் பாட்டு மேலானது என்று காது நம்பிவிடும். புதுப் பாட்டு பழையதை வென்றதாகத் தோன்றுவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

முதல்முறை எதையும் குறிக்காமல் கேளுங்கள். இரண்டாம் முறை வரிகளோடு. மூன்றாம் முறை தாளும் பேனாவும். மறுநாள் காலை ஒருமுறை. நான்கு போதும். இருபது முறை கேட்டபின் எழுதினால் பழக்கத்தையும் பிடித்தத்தையும் பிரித்தறிய முடியாது.

வேகத்தை அறிய 15 நொடிக்குக் கைதட்டி எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள். 18 தட்டு என்றால் நிமிடத்துக்கு 72 அடி, மெதுவான பாட்டு. 30 என்றால் 120, ஆட்டத்துக்கான வேகம். சிலர் இரண்டு அடிக்கு ஒருமுறை தட்டிப் பாதி வேகத்தைக் குறித்துக்கொள்வார்கள். 60 வந்தும் கால் துள்ளுகிறதென்றால் உண்மையான வேகம் 120-தான். 120-இல் பிரிவைப் பாடினால் குற்றமில்லை. ஆடும் உடலும் உடைந்த வரியும் ஒன்றையொன்று இழுக்கின்றனவா என்பதே அங்கு கேட்க வேண்டியது.

அடுத்து பிரிட்ஜ். பல்லவி, சரணம் என்று பழகிய நமக்கு இது எளிதில் தப்பிப்போகும். மூன்று நிமிடப் பாட்டில் ஏறக்குறைய 2 நிமிடத்துக்குப் பிறகு, வேறு மெட்டில், ஒரே ஒருமுறை வரும். அதுவரை “நான் நலம்” என்று பாடியவர் பொய்யை விடுவது இங்கேதான். இரண்டரை நிமிடப் பாட்டுகள் பெருகிவிட்டதால் பலரும் பிரிட்ஜையே வெட்டிவிடுகிறார்கள். அப்படி வெட்டிய பாட்டில் கடைசி கோரஸ் (பல்லவிபோல் திரும்பத் திரும்ப வரும் பகுதி) முதல் கோரஸின் நகலாகவே நின்றால், அதைத் தயங்காமல் குறையாக எழுதலாம்: மனம் நகரவில்லை. கடைசி கோரஸில் சுருதி ஏறியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், அதன் முதல் ஸ்வரத்தை முணுமுணுத்தபடியே முதல் கோரஸுக்குத் தாவுங்கள். பொருந்தாவிட்டால் ஏறியிருக்கிறது.

குழு பாடும் பிரிவுப் பாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஒருவருடைய துயரத்தை ஐந்தாறு குரல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ரசிகர்கள் யாருக்கு எத்தனை நொடி என்று எண்ணிச் சண்டை பிடிக்கிறார்கள். அந்தக் கணக்கு பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. பிரிட்ஜில் கிடைக்கும் 12 நொடி, தொடக்கத்தில் கிடைக்கும் 40 நொடியைவிடக் கனமானது. நம் அகப்பாடல்களில் யார் கூற்று என்று முதலில் பார்ப்போமே, தலைவியா தோழியா தலைவனா என்று, அதையே இங்கும் செய்யுங்கள். குரல் மாறும்போது பேசுபவர் மாறுகிறாரா, அதே ஆள் வேறொரு நாளில் பேசுகிறாரா, அல்லது மைக் மட்டும் கைமாறுகிறதா? மூன்றாவது என்றால் பாட்டு குழுவுக்காக எழுதப்படவில்லை, பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பின்னணிக் குரல்களைப் பிடிக்க, வயர் உள்ள இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும் மாட்டிக் கேளுங்கள், பிறகு மறுபக்கம். வயரில்லாதவற்றில் சில, ஒன்றைக் கழற்றியதும் இரு பக்க ஒலியையும் கலந்துவிடும்.

மொழிபெயர்ப்பில்தான் பெரும்பாலான கருத்துகள் தடம் புரள்கின்றன. கொரிய மொழியில் எழுவாயை அடிக்கடி விட்டுவிடுவார்கள். தமிழிலும் விடுவோம், ஆனால் “சென்றேன்”, “சென்றாய்” என்று வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுக்கும். கொரிய வினை அப்படிக் காட்டாது. ஆகவே விட்டுப்போனது யார் என்பது ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் ஊகமாக இருக்கலாம். இரண்டு மொழிபெயர்ப்புகளையாவது அருகருகே வைத்துப் பாருங்கள். “நான்”, “நீ” இடம் மாறியிருக்கும் வரியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மாறாக, தமிழருக்கு எளிதில் பிடிபடும் ஒன்று உண்டு: மரியாதைப் பேச்சு. வாக்கிய இறுதியில் “யோ” என்று வந்தால் பெரும்பாலும் அது மரியாதை வடிவம். பாட்டு முழுவதும் அப்படியே வந்தால் தொனி மென்மை, அவ்வளவுதான். நெருக்கமாகப் பேசிவந்தவர் நடுவில் “யோ”வுக்கு மாறினால் கவனியுங்கள். “நீ” என்றவர் “நீங்க” என்று கூப்பிடும்போது நம் வீடுகளில் எவ்வளவு தூரம் விழுகிறதோ அதே தூரம் அங்கும் விழும். ஆங்கிலத்தில் அது மறைந்துபோகும். தமிழில் எழுதுபவரால் அதை ஒரே வரியில் சொல்லிவிட முடியும்.

பாட்டு யாரைப் பற்றியது என்று ஊகிக்காதீர்கள். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்வதில்லை என்ற மரபு நமக்கு இருக்கிறது. அதைக் கடைப்பிடிப்பதே நாகரிகம். செயலியில் பாட்டின் விவரத்தைத் திறந்து எழுதியவர் பெயரைப் பாருங்கள். பாடகர் எழுதாத வரியை அவருடைய வாழ்க்கையாக வாசிப்பது தவறு.

எழுதும்போது 250 சொல் போதும். தீர்ப்பு முதல் வரியிலேயே வரட்டும். “செம”, “வேற லெவல்” ஆகியவற்றுக்குப் பதில் கேட்டதைச் சொல்லுங்கள்: கரகரப்பு, கம்மல், குழைவு, பிசிறு, மூச்சு வாங்குதல். “பிரிட்ஜ் உருக்கமாக இருந்தது” என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. “2:14-இல் டிரம்ஸ் நின்றுவிடுகிறது, கடைசிச் சொல்லுக்கு முன் அவர் மூச்சு வாங்குவது கேட்கிறது” என்றால் வாசிப்பவர் உடனே ஓட்டிப் பார்ப்பார். கோரஸ், பிரிட்ஜ் போன்ற சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வரிகளை முழுதாக ஒட்டாதீர்கள், அதற்குப் பதிப்புரிமை உண்டு. ஓரிரு வரி போதும். வெளியிடுமுன் ஒவ்வொரு நொடிக்குறிப்பையும் ஒலிப்பதிவில் மறுபடி சரிபாருங்கள். ஒரு வாரம் கழித்துக் கருத்து மாறினால் பழையதை அழிக்காமல், தேதியிட்டுக் கீழே சேர்த்துவிடுங்கள்.