நாடு கடத்தலா, புலம்பெயர்தலா? சொல் பிசகும் இடங்கள்

கோவலனும் கண்ணகியும் பூம்புகாரிலிருந்து ‘நாடு கடத்தப்பட்டார்கள்’ என்று எழுதினால் கதையே மாறிவிடும். கைப்பொருளைத் தொலைத்தவன், சிலம்பை விற்று வணிகம் செய்யலாம் என்று தானாகத்தான் மதுரைக்குக் கிளம்பினான். அரசன் யாரும் விரட்டவில்லை.

சந்தேகம் வந்தால் வினையைப் பாருங்கள். 2018 கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைகள் வேரோடு பெயர்ந்தன; தென்னம்பிள்ளையை நாம் பெயர்த்து நடுகிறோம். முதலாவது தன்வினை, அடுத்தது பிறவினை. ‘கட’, ‘கடத்து’ இரண்டுக்கும் இதே கணக்குதான். ஆகவே நாடு கடத்தல் என்றால் கடத்திய அதிகாரம் ஒன்று இருந்தே தீர வேண்டும். புலம்பெயர்தலுக்கு அது தேவையில்லை. பட்டினப்பாலை சொல்லும் ‘புலம்பெயர் மாக்கள்’ காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது வாழ்ந்த வேற்றுநாட்டார். அந்த இடத்தில் துயரத்தின் சாயலே கிடையாது. துரத்தப்பட்டவர்களை இன்று ‘புலம்பெயர்ந்தவர்கள்’ என்று எழுதும்போது, துரத்தியவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார். இதுதான் பெரிய தவறு என்பேன்.

மலேசியாவிலுள்ள ஒரே பினாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியை 1802-இல் கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) அங்கே கப்பலேற்றியது நாடு கடத்தல். பின்னாளில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி அங்கே போன தோட்டக் கூலிகள் ஒப்பந்தத்தில் போனவர்கள். பஞ்சமும் கடனும் நெட்டித் தள்ளியிருக்கலாம். ஆனாலும் அது தண்டனை அல்ல. பழைய தீர்ப்புகளில் வரும் ‘தீவாந்திர தண்டனை’ வேறு: குற்றவாளியைக் கடல் கடத்துவது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1956 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் ஆயுள் சிறை வந்துவிட்டது.

எழுத்துப்பிழை ஒன்று. பாண்டவர்கள் 12 ஆண்டு வனவாசத்துக்குப் பின் இருந்தது அஞ்ஞாதவாசம், ஓராண்டு. பிறர் அறியாமல் மறைந்திருப்பது. ‘அஞ்ஞானவாசம்’ என்றால் அறியாமையில் வாழ்வதாகிவிடும். 14 ஆண்டுக் கணக்கு ராமனுடையது.

நாடு கடத்தலைக் குறிக்கும் ஆங்கில ‘எக்ஸைல்’, லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். ‘எக்ஸ்’ வெளியே, ‘சோலும்’ மண் என்று பிரித்து ‘மண்ணைவிட்டு வெளியே’ என்று விளக்குவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பழங்கால ஊகம் அது, இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை.

கடலோரக் கிராமங்களில் ஒரு குடும்பத்தை ‘ஊரைவிட்டுத் தள்ளி வைத்தார்கள்’ என்றால், அதையும் நாடு கடத்தலோடு சேர்க்காதீர்கள். ஆள் அதே தெருவில்தான் இருப்பார்; நல்லது கெட்டதுக்கு அழைப்பு மட்டும் வராது.