புரை மறுபடி வந்துவிட்டதா? என் அனுபவம்

வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்ததும் பார்வை பளிச்சென்று இருந்தது. ஒன்றிரண்டு வருடம் போனதும் மெல்ல மங்கத் தொடங்கியது. இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் சிதறும். பஸ் போர்டைப் படிக்க இடது கண்தான் உதவியது. "ஆபரேஷன் சரியில்லை, புரை திரும்பிடுச்சு" என்றார்கள் வீட்டில். எனக்கும் வயிற்றைக் கலக்கியது.

சொட்டு மருந்து விட்டுச் சோதித்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். புரை என்பது கண்ணின் இயற்கை லென்ஸ் மங்குவது; அந்த லென்ஸையே எடுத்துவிட்டதால் புரை திரும்ப வராது. அந்த லென்ஸ் இருந்த மெல்லிய உறையை மட்டும் விட்டுவைத்து, அதற்குள்தான் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். மிச்சமிருக்கும் செல்கள் உறையின் பின்பக்கம் படர்ந்தால் பார்வை மங்கும். பலருக்கு வருவதுதான், ஆபரேஷனில் நடந்த தவறு இல்லை. இதற்கு யாக் லேசர் என்ற ஒளிக்கதிர் சிகிச்சை போதும் என்றார்.

கத்தி இல்லை, ஊசி இல்லை. கண் மரத்துப்போக சொட்டு விட்டு, முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். 'டிக் டிக்' என்று சத்தம், சில நிமிடம், அவ்வளவுதான். உறையின் நடுவில் சிறு திறப்பு விழுகிறது, வெளிச்சம் தடையில்லாமல் விழித்திரைக்குப் போகிறது. கண் அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும்.

மறுநாளே பஸ் போர்டு தெளிவாகத் தெரிந்தது. கண்ணுக்குள் கரும்புள்ளிகள் கொஞ்ச நாள் மிதந்து அடங்கின. ஆனால் புள்ளிகள் திடீரென்று பெருகினாலோ, வெளிச்சம் பளீர் பளீரென்று மின்னினாலோ, ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருந்தாலோ தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அது விழித்திரை விலகலாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.