கேனை அவிழ்த்துவிட்டுத் தொடங்குங்கள்: பிள்ளைகளுக்குத் தண்ணீரில் தப்பிக்கப் பழக்கும் முறை

கடலூர்ப் பக்கம் பிள்ளைக்கு நீச்சல் பழக்குவது என்றால் ஒரு கிணறு, முதுகில் கட்டிய சுரைக்குடுக்கை அல்லது பிளாஸ்டிக் கேன், இடுப்பில் கயிறு, மேலே நின்று அதட்டும் ஒரு மாமா. இப்படிப் பழகி அருமையாக நீந்துகிறவர்கள் நிறைய பேர் உண்டு. ஆனால் தவறி விழுகிற அன்றைக்கு முதுகில் கேன் இருக்காது. கேன் இல்லாத தன் உடம்பு தண்ணீரில் எப்படி நிற்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவும் தெரியாது. அதனால் கை வீச்சு, கால் அடி எல்லாம் அப்புறம். விழுந்த பிள்ளை மேலே வந்து, மூச்சு விட்டு, ஓரத்தைப் பிடித்து ஏற வேண்டும். இங்கே சொல்வது அதற்கான பாடம் மட்டும்தான்.

உலக சுகாதார நிறுவனம் ஆறு வயதிலிருந்து பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தரச் சொல்கிறது. அதற்குக் கீழே உள்ள குழந்தைகள் தண்ணீரோடு விளையாடிப் பழகலாம். ஆனால் பெரியவர் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

இடம்

ஆறு வேண்டாம். தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீர். 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் அருகே குச்சிப்பாளையத்தில் கெடிலத்துத் தடுப்பணைப் பக்கம் குளிக்கப் போன ஏழு பேர், சிறுமிகளும் பெண்களும், மூழ்கி இறந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பழக்குவதற்குக் கடலும் சரிப்படாது. பிள்ளையின் மார்பளவு தண்ணீர் உள்ள நீச்சல் குளம் நல்லது. பம்புசெட்டுத் தொட்டியும் போதும், ஆனால் இறங்குவதற்கு முன் மோட்டாரை அணைத்துவிடுங்கள். சொல்லிக்கொடுப்பவர் கரையில் நிற்கக் கூடாது, தண்ணீருக்குள் நிற்க வேண்டும். போனை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

முதல் படி: மூச்சு

தொட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் ஊதச் சொல்லுங்கள். குமிழி வர வேண்டும். முகம் நனைந்ததும் துடைக்கக் கை போகும், அது நிற்கும்வரை இதையே செய்யட்டும். அடுத்து முழுத் தலையும் முங்கி எழட்டும். யார் அதிக நேரம் தம் கட்டுவது என்ற பந்தயத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்குகிற பிள்ளை உள்ளேயே மயங்கிவிடலாம், வெளியே இருப்பவருக்குத் தெரியாது.

இரண்டாம் படி: மல்லாந்து மிதப்பது

பாடத்தின் உயிர் இதுதான். அவசரப்படாதீர்கள், நாள் ஆனாலும் ஆகட்டும்.

பிள்ளையின் பின்தலைக்கு ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை கொடுத்து மெல்லச் சாயுங்கள். காதுக்குள் தண்ணீர் போனதும் சத்தம் எல்லாம் அடைத்துப்போகும். பெரும்பாலான பிள்ளைகள் பயந்து தலையைத் தூக்குவது அந்த நொடியில்தான். தலை தூக்கினால் இடுப்பு மடங்கும், இடுப்பு மடங்கினால் உட்கார்ந்த மாதிரியே உள்ளே போகும். "வயிற்றை மேலே தள்ளு, மோவாயைத் தூக்கு, வானத்தைப் பாரு" என்ற மூன்றையும் சாய்ப்பதற்கு முன்பே சொல்லிவையுங்கள். காது தண்ணீருக்குள் போனபின் நீங்கள் கத்துவது அதற்குக் கேட்காது.

கைகளைப் பக்கவாட்டில் விரிக்கட்டும். நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக் கொஞ்சம் நிறுத்தி, சட்டென்று விட்டு, உடனே மறுபடி இழுக்கட்டும். நுரையீரலில் காற்று இருக்கும்வரை உடம்பு மேலே நிற்கும். ஒல்லிப் பிள்ளைகளுக்குக் கால் கீழே இறங்கத்தான் செய்யும், விடுங்கள், வாயும் மூக்கும் வெளியே இருந்தால் போதும். முதலில் இடுப்புக் கையை எடுங்கள். அப்புறம் தலைக்கு அடியில் இருக்கும் கையை ஒவ்வொரு விரலாக விலக்குங்கள். ஒரு நிமிடம் சும்மா கிடக்க வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கடலில் மிதந்துவிட்டான், கிணற்றில் முடியவில்லை என்று சிலர் குழம்புவார்கள். உப்புத் தண்ணீர் உடம்பை அதிகம் தூக்கும், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: புரண்டு, திரும்பி, ஏறுவது

குப்புற விழுகிற பிள்ளை மல்லாந்து புரளத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தோளைத் தாழ்த்தித் தலையை அந்தப் பக்கம் திருப்பினால் உடம்பு தானாகப் பின்னால் வரும். இது வந்ததும் ஓரத்திலிருந்து குதிக்கவிடுங்கள்: முங்கி, மேலே வந்து, மல்லாந்து கிடந்து, மூச்சு வாங்கி, குதித்த இடத்துக்கே திரும்பி வரட்டும். விழுந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் ஓரம் இருக்கும். எதிர்க்கரையைப் பார்த்து நீந்துவது வீண் வேலை.

ஏறுவதையும் பழக்க வேண்டும். படியோ ஏணியோ இல்லாத ஓரத்தில் முழங்கையை மேலே போட்டு, வயிற்றை ஏற்றி, ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏறட்டும். பாசி பிடித்த குளத்துப் படியில் கைக்கு எதுவும் சிக்காது என்பதையும் சொல்லிவையுங்கள்.

நான்காம் படி: உடுப்போடு

குளிக்கிற உடுப்பில் யாரும் தவறி விழுவதில்லை. மேற்சொன்னதையெல்லாம் பள்ளிச் சீருடையில் ஒருமுறை செய்து பார்க்கட்டும். பாவாடையும் சுடிதாரும் காலைச் சுற்றும், நனைந்த சட்டை கையை இழுக்கும். பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் எதற்கு என்று தயங்குகிற வீடுகளில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மற்றவர் மூழ்கும்போது

மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது மூச்சுக்கே நேரம் போதாது. ஒருவரைக் காப்பாற்றக் குதித்து அடுத்தடுத்து ஆட்கள் சிக்குவதும் இதனால்தான், அருகில் வருபவரையே அது பிடித்து அமுக்கும். பிள்ளைக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய உத்தரவு: குதிக்காதே, கத்திப் பெரியவரைக் கூப்பிடு, கயிறோ துப்பட்டாவோ மூடிய காலிக் கேனோ எடுத்து வீசு, கரையில் படுத்துக்கொண்டு கம்பை நீட்டு. வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இதை விளையாட்டாகவே பழக்கலாம்.

தூக்கிவந்த பிள்ளையின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. வேண்டாம், நேரம்தான் போகும். மூச்சில்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதி, அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடர வேண்டும். இதைப் படித்து மட்டும் செய்ய வராது, முதலுதவிப் பயிற்சியில் ஒருமுறை கை வைத்துப் பழகுங்கள்.

கடல்

சில்வர் பீச்சானாலும் புதுச்சேரிக் கடற்கரையானாலும், அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடைவெளியில் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம். சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. மல்லாந்து மிதந்து மூச்சைக் காத்து, இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் போய் அலை உடைகிற பக்கமாகத் திரும்ப வேண்டும். இதைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள், செய்து பார்க்கவிடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலக் கடலில் கால் நனைப்பதோடு சரி.

உடுப்போடு குதித்து, ஒரு நிமிடம் மிதந்து, திரும்பி வந்து, ஏணியில்லாமல் ஏறுவதை உங்கள் கை படாமலே பிள்ளை செய்துவிட்டால், அடுத்த விடுமுறையில் கை வீச்சைத் தொடங்கலாம்.